சத்தம் போடாத பிரேக்

பிரேக்கை மிதிக்கும்போது கால் தரைவரை போய்விட்டால் என்ன கெட்டிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். மிதி எப்போதும்போல உறுதியாக நிற்க, கார் மட்டும் போய்க்கொண்டே இருந்தால் மனம் அதை நம்ப மறுக்கிறது. எனக்கு அது இரண்டு முறை நடந்திருக்கிறது.

முதல் முறை, சென்னைக்கு வெளியே இருக்கும் பந்தயத் தடத்தில். சில விடுமுறை நாட்களில் நம் சொந்தக் காரையே கொண்டுபோய் அங்கே ஓட்டலாம். நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். பெங்களூரில் ஒரு வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை. வீட்டில் இருப்பது ஒரே சிறிய கார்தான். அப்பாவைத் தேவாலயத்துக்கும் அம்மாவை மூட்டு டாக்டரிடமும் கூட்டிப்போகிற அதே காரில் தடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தேன். நேர் பாதை முடிந்து வளைவு வந்தது. மிதித்தேன். மிதி கல்போல இருந்தது. வேகம் குறையவில்லை. எரிந்த ரப்பர் மாதிரி ஒரு நாற்றம். கார் வளைவைத் தாண்டி ஜல்லிப் பரப்பில் புதைந்து நின்றது.

அடியெதுவும் இல்லை. இன்ஜினை அணை, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவா, கொடி காட்டுபவரைப் பார் என்று வரிசையாகச் செய்தேன்.

காரணம் எளிது. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் சாதாரண பிரேக் பேட் ஊருக்குள் ஓட்டுவதற்கென்று செய்தது. அளவுக்கு மீறிச் சூடானால் அதன் பிடிமானம் போய்விடும். வீட்டுக்கு வந்ததும் புதிய பேட் தேட உட்கார்ந்தேன். பந்தயத்துக்கென்றே செய்த பேட் எவ்வளவு சூட்டையும் தாங்கும். ஆனால் சூடேறும்வரை சரியாகப் பிடிக்காது. காலையில் வீட்டிலிருந்து கிளம்பியதும் வரும் முதல் சிக்னலில் நிற்க அது உதவாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை உண்டு. உலோகத்தூள் அதிகம் கலந்தது, ஆறியிருந்தாலும் பிடிக்கும், சூட்டிலும் தளராது. பதிலுக்குச் சக்கரமெல்லாம் கரி படியும், டிஸ்க் சீக்கிரம் தேயும், சத்தம் போடும். எனக்கு வேண்டியவற்றை முக்கியத்துவப்படி வரிசைப்படுத்தினேன். குளிரில் பிடிப்பது, சூட்டில் பிடிப்பது, டிஸ்க்கின் ஆயுள். சத்தம் கடைசி. சத்தம் யாரையும் கொல்லாது என்று நினைத்தேன்.

பெங்களூரின் அடுகோடிப் பகுதியில் நான் வழக்கமாகப் போகும் கராஜ் உரிமையாளர் பேட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"மேடம், இது கூவும். பரவால்லியா?"

"கூவட்டும்ணே. நின்னா போதும்."

நன்றாகவே நின்றது. கூவவும் செய்தது. ஓடும்போது ஒன்றுமில்லை, நிற்பதற்கு முந்தைய கடைசி சில அடிகளில் விசில் ஊதினாற்போல ஒரு கீச்சு. எங்கள் வீட்டு கேட்டிலிருந்து தேவாலய வாசல்வரை தெரு முழுக்க இறக்கம். அந்த ஞாயிறு அப்பாவை வாசலில் இறக்கிவிட்டு, நிழலில் இடம் தேடி அலைந்து, தேவாலயத்தின் பக்கச் சன்னலை ஒட்டி வண்டியை நிறுத்தினேன். உள்ளே அப்போது அப்பா பூசையில் பைபிள் வாசகம் வாசித்துக்கொண்டிருந்தார். விசில் கேட்டதும் பாதி வரியில் நிறுத்திவிட்டாராம்.

பூசை முடிந்ததும் பாடகர் குழு ஆன்ட்டி ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "என்னாம்மா, உன் வண்டி எங்க குழுவ விட மேல சுதியில பாடுது? ஃபாதர்கிட்ட சொல்லி முன் வரிசையில நிக்க வெக்கட்டா?"

நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் சன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் எதுவும் நெடுநாள் சத்தம் போட முடியாது. கேட், மின்விசிறி, அம்மாவின் தையல் மெஷின், பக்கத்து வீட்டுக் கொக்கி, எதுவானாலும் எண்ணெய் ஸ்ப்ரே டப்பாவுடன் போய் நின்றுவிடுவார். "உங்கப்பாகிட்ட நான் இருமறதுக்கே பயமா இருக்கு" என்பாள் அம்மா.

அடுத்த ஞாயிறு. நான் சேலை கட்டிக்கொண்டிருந்தபோது அவர் கீழே போனார். நான் வந்து பார்க்கும்போது முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார், முகத்தில் ஒரு திருப்தி.

கேட்டைத் தாண்டி இறக்கத்தில் இறங்கினோம். தேவாலய வாசலில் முதல் பூசை முடிந்து கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. சைக்கிள் வேகம்கூட இல்லை. மிதித்தேன்.

மிதி கல்போல இருந்தது. கார் போய்க்கொண்டே இருந்தது.

அன்று தடத்தில் சூடேறிக் கைவிட்ட பழைய பேட் இதில் இல்லையே என்றுதான் முதலில் தோன்றியது. இன்னும் அழுத்தினேன். கண்ணோரத்தில் அப்பாவின் வலது காலும் அவர் பக்கத்துக் கால்விரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது தெரிந்தது. இரண்டு பேர் மிதித்தும் நிற்கவில்லை. எதிரே குடையோடு ஒரு முதுகு. ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். பின்சக்கரங்கள் தேய்ந்து, கார் குலுங்கி, குடைக்கு ஒரு முழம் பின்னால் நின்றது.

குடை திரும்பியது. அதே ஆன்ட்டி. பானெட்டில் ஓங்கித் தட்டினார்.

"ஏம்மா! அந்த விசில் எங்க போச்சு? அது கேட்டா நாங்க தானா ஒதுங்குவோம்ல?"

அப்பாவைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது.

"ரெண்டே ரெண்டு தடவதான்மா எண்ணெ அடிச்சேன்" என்றார். "சக்கரத்துக் கம்பி சந்து வழியா. அந்த டிஸ்க்கு மேல."

"எந்த வீல்லப்பா?"

"ஒண்ணுக்கு அடிச்சு ஒண்ண விடலாமா? நாலுக்கும்தான்."

காரை ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, சேலையோடு தரையில் மண்டியிட்டுப் பார்த்தேன். முன் டிஸ்க் இரண்டும் எண்ணெயில் பளபளத்தன. பின்னால் இருப்பவை மூடிய டிரம் பிரேக்; அவர் அடித்த எண்ணெய் வெளியோடே வழிந்திருந்தது. ஹேண்ட்பிரேக் இழுப்பது அந்த டிரம்மைத்தான். அது மூடியில்லாமல் இருந்திருந்தால் என்று யோசிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.

"நாளைக்கு உங்கம்மாவ டாக்டர்கிட்ட நான்தான ஓட்டிட்டுப் போறதா இருந்தேன்" என்றார் அப்பா, என் தலைக்கு மேலே நின்றுகொண்டு. "ஈஜிபுரா சிக்னல்ல அவ்ளோ ஸ்கூல் பசங்க நடுவுல." உள்ளே வாசகத்துக்கு ஆள் இல்லாமல் யாரோ அவரைத் தேடி வந்தார்கள். அவர் போகவில்லை. வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். திட்டவேண்டும் என்று தோன்றவே இல்லை. திட்டுவதற்கு முதலில் நடந்ததை நம்ப வேண்டுமே.

எண்ணெய் குடித்த பேட்டைத் துடைத்துப் பயன்படுத்த முடியாது. வண்டியை இழுத்துக்கொண்டு அடுகோடி போனோம். கராஜ் உரிமையாளர் அப்பாவின் கதையைக் கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்கத் தெரியாமல் டீ சொல்லப் போய்விட்டார். இப்போது ஊருக்குச் சத்தமில்லாத சாதாரண பேட். தடத்துக்குத் தனி பேட். அங்கே போனதும் நானே ஜாக்கி போட்டு மாற்றிக்கொள்கிறேன், வரும்போது திரும்ப மாற்றுகிறேன். ஒரே பேட் இரண்டு இடத்துக்கும் போதும் என்ற யோசனையைக் கைவிட்டுவிட்டேன்.

ஸ்ப்ரே டப்பா இப்போது அம்மாவின் பீரோவில். ஞாயிறுதோறும் கேட்டைத் தாண்டுவதற்கு முன், இறக்கம் தொடங்கும் இடத்தில், அப்பா சொல்கிறார்:

"மொதல்ல மிதிச்சுப் பாரும்மா."

மிதிக்கிறேன். கார் நிற்கிறது. பக்கத்தில் அவருடைய காலும் கால்விரிப்பை அழுத்தியபடி இருக்கிறது. நான் அதைப் பார்க்காததுபோல முதல் கியர் போடுகிறேன்.