ஆயுத பூஜையன்று அணைத்த ஹீட்டர்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே தயங்குவேன். அப்படிப்பட்டவன் ஆராய்ச்சியைப் பற்றி எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் கையால் கெட்ட காரியம் என்பதால் எழுதுகிறேன்.

பெரியநாயக்கன்பாளையத்துக்கு அப்பால் ஒரு பொறியியல் கல்லூரியில் லேப் உதவியாளராக இருக்கிறேன். கூட்டுவது, துடைப்பது, மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுவது என் வேலை. கோபிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மணி அங்கே பிஎச்.டி. செய்துகொண்டிருந்தார். ஆலைப் புகையிலிருந்து பிரித்த கரியமில வாயுவைப் பூமியின் ஆழத்தில், உப்புத்தண்ணீர் ஊறிய பாறைக்குள் செலுத்தினால் அது அங்கே என்ன ஆகும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவது அவர் ஆராய்ச்சி. கணக்கைச் சரிபார்க்க, ஒரு சின்ன மணற்கல்லை உப்புத்தண்ணீரில் ஊறவைத்து, எஃகுக் குழாய்க்குள் வைத்து, வாயுவை அழுத்தி அடைத்திருந்தார். குழாய் கழுத்தளவு மூழ்கியிருந்த வெந்நீர்த் தொட்டியின் ஹீட்டர் ஒரே சூட்டில் நாற்பது நாள் ஓட வேண்டும். வாயு தண்ணீரில் கரையக் கரைய அழுத்தம் மெல்ல இறங்கும். அழுத்தத்தையும் வெப்பநிலையையும் தினமும் மூன்று வேளை நான் எழுதுவேன்.

"ஏனுங்க, கல்லுக்குள்ள சோடா அடைக்கிற வேலை இன்னும் முடியலீங்களா?" என்று ஆபீஸ் கிளார்க் எங்களைக் கேலி செய்வார்.

இடையில் ஆயுத பூஜை வந்தது. லீவிலும் ஹீட்டரை நிறுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் அம்மணி ஊருக்குப் போனார். நானும் தலையாட்டினேன். பூஜையன்று காலை எல்லா மெஷினையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். எங்கள் பக்கம் அன்றைக்கு விசைத்தறி ஓடாது, லேத் ஓடாது. இது ஒன்று மட்டும் முனகிக்கொண்டிருந்தது எனக்கு ஒப்பவில்லை. பொட்டு வைத்து ஹீட்டரை அணைத்தேன். விஜயதசமியன்று கற்பூரம் காட்டி மறுபடி போட்டேன். அழுத்தம் இறங்கி ஏறியதை உள்ளபடி எழுதினேன். வெப்பநிலைக் கட்டத்தில் மட்டும் வழக்கமான அறுபது டிகிரியையே எழுதினேன்.

அழுத்தத்தில் விழுந்த அந்த ஒரு பள்ளத்தை அம்மணியின் கணக்கால் எட்ட முடியவில்லை. சூடு மாறாமல் அழுத்தம் எப்படி விழும் என்று இரண்டு மாதம் கணக்கை மாற்றி மாற்றிப் போட்டார். கல்லில் வெடிப்பா, கசிவா என்று என்னிடமே கேட்டார். தெரியலீங்க என்றேன். தினமும் சாயங்காலம் பஸ் ஏறும்போது நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். நினைத்து நினைத்தே அலுத்துப்போனேன்.

பட்டத்துக்கான கெடுவை ஏற்கெனவே ஒருமுறை நீட்டியிருந்தார்கள். இனி நீட்ட மாட்டார்கள். கணக்கு பொருந்தாவிட்டால் ஐந்து வருஷப் படிப்பு வீண். ஒரு மத்தியானம் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் மேஜையில் தலை சாய்த்திருந்தார்.

"அம்மணி, பூஜை அன்னிக்கு நாந்தானுங்க ஹீட்டரை நிறுத்திப்போட்டேன்."

அவர் நிமிர்ந்து, குழாயின் தலையில் காய்ந்திருந்த சந்தனப் பொட்டைப் பார்த்தார்.

"அறுபதுன்னு எழுதியிருக்கறீங்களே?"

"நெசத்த எழுதுனா கேப்பீங்கன்னுதானுங்க அப்படி எழுதிப்போட்டேன்."

"கேட்டிருந்தா ரெண்டு மாசம் மிச்சமுங்கண்ணா."

திட்டியிருந்தால் தேவலாம். வழிகாட்டிப் பேராசிரியரிடம் அம்மணியே போனார். ஒரு எண் பொய் என்றால் நோட்டு முழுவதையும் நம்ப முடியாது, முதலிலிருந்து செய்யுங்கள் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். கெடு முடிய ஐம்பது நாள் இருந்தது. அதில் நாற்பது கல்லுக்கே போய்விடும்.

மறுநாள் புதுக் கல் வைத்தோம். வெப்பநிலையை அம்மணியே பார்த்து எழுதினார். நான் ஹீட்டர் தொட்டியில் தண்ணீர் ஊற்றினேன்.