ஃப்ளாப்பி கேட்டுப் போன இடத்தில்

பழைய சாம்ப்ளர் ஒண்ணு வாங்கி, லேப்டாப்போட கோர்த்து பீட் போட்டுட்டிருக்கேன். எந்தச் சத்தத்தையும் பிடிச்சு வெச்சுக்கிட்டு, பட்டனைத் தட்டினா திருப்பிக் கொடுக்கிற பெட்டி. சேமிக்கணும்னா அதுக்கு ஃப்ளாப்பிதான் வேணும்.

திருப்பூர்ல இன்னும் ஃப்ளாப்பி கிடக்கிற இடம் எம்பிராய்டரி யூனிட்டுதான்; பழைய மிஷினுக்கு டிசைனை அதுலதான் ஏத்துவாங்க. இன்னைக்கு வீரபாண்டியில ஒண்ணுக்குப் போனேன்.

"ஏனுங்க, பழைய ஃப்ளாப்பி ஏதாச்சும் இருக்குங்களா?"

ஓனர் அண்ணனுக்கு அப்படியொரு சந்தோஷம். "அட, இன்னும் பழைய மிஷினா ஓட்டறீங்க? எத்தன ஹெட்டுங்க?"

எம்பிராய்டரி மிஷின்ல எத்தனை தையல் தலைன்னு கேக்கறாரு. "இல்லீங்க, பாட்டுக்குங்க"ன்னு சொல்லியிருக்கணும். ஆனா மூணு நாளா "ஒரு டீ"ங்கறதைத் தவிர நான் யார்கிட்டயும் வாயைத் திறக்கலை.

"ஒரு ஹெட்டுதானுங்க"ன்னுட்டேன்.

"ஒண்டியாவா ஓட்டறீங்க? சிரமமாச்சுங்களே."

டீ வாங்கிக் கொடுத்தாரு. நூல் அறுந்துட்டே இருந்தா என்ன பண்ணணும்னு அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்தாரு. ஒரு டப்பா ஃப்ளாப்பியைச் சும்மாவே தந்து, எம்பிராய்டரிக்காரங்க வாட்ஸப் குரூப்லயும் சேர்த்துவிட்டாரு.

ரூமுக்கு வந்து ஃப்ளாப்பியைச் சொருகினேன். பெட்டி முனகிட்டே ஏத்துக்கிச்சு. புது பீட்டை இதே பேஜ்லதான் போட்டேன். ஒரே ஒரு லைக். அதுவும் என்னோட இன்னொரு ஐடி.

குரூப்ல இன்னமும் "வாங்க வாங்க"ன்னு ரோஜாப்பூவா வந்துட்டிருக்கு. ஒருத்தர், "ஒத்த ஹெட்டுன்னு யோசிக்காதீங்க, ஜாப் ஒர்க் நாங்க தர்றோம்"ங்கறாரு.

குரூப்பை விட்டு வெளிய வர மனசே இல்லை.

ஒரு ஹெட் மிஷின் யாராச்சும் விக்கிறீங்களா?