முருகேசன் மேடம்

"முருகேசன் மேடம், பார்சல்!" என்று வாசலில் கூரியர்காரர் கூப்பிட்டார்.

கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் நான் சிறுமியாக இருந்தபோதும் இதே கூப்பாடுதான். டெல்லிப் பள்ளியில் குடும்பப் பெயர் கேட்டார்கள். நமக்கு ஏது அது? அப்பா தன் பெயரையே கொடுத்துவிட்டார். தோழிகளுக்கு நான் முருகேசன் ஆனேன். மாலையானால் கீழே நின்று, "முருகேசன், ஜல்தி ஆஜா!" என்று சீக்கிரம் வரச் சொல்லிக் கத்துவார்கள். புருஷன் பெயரை ஒருநாளும் வாயால் சொல்லாத அம்மா, தாளிக்கிற கரண்டியோடு ஓடிவருவாள்.

"அவங்க பேரை இப்படித் தெருவுல ஏலம் போடுதுங்களே!"

அப்பாவோ ஜன்னலில் தலையை நீட்டி, "எந்த முருகேசன்?" என்று இந்தியில் கேட்பார்.

அப்பா போய் ஒரு வருடம் ஆகிறது. கதவைத் திறக்க எழுந்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருடி. இன்னொரு தடவை கூப்பிடட்டும்."