தூணில் வைத்த கை

காலி வீட்டைத் திறப்பதற்கு முன் அந்த அம்மா சாவிக்கொத்தைக் கதவோரம் மூன்று தடவை குலுக்குவார். "உள்ள பல்லி கில்லி இருந்தா ஒதுங்கிக்கட்டும். அதுங்களும் குடியிருக்கிறவங்கதானே?" வீடு பார்க்க வந்தவர்கள் சிரிப்பார்கள். ஏரிக்கரை வளாகத்தில் அவருக்குச் சாவியம்மா என்று பெயர். வயது ஐம்பத்து மூன்று. வாங்க வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவது வேலை.

வந்தவர்கள் முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடப்பார். நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், படகுத்துறை என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போவார். ஒரு நாளும் எதிலும் இடித்துக்கொண்டதில்லை. சரித்திரமும் அவர் வாயால்தான். "மொதல்ல ஏரி இருந்துச்சு. அப்புறம் செங்கல் சூளைக்காரங்க வந்து கரையைத் தோண்டுனாங்க. அந்தப் பள்ளத்தத் தூத்துத்தான் நம்ம மொத வரிசை வீடுங்க." வாத்துகளைக் கண்டால் குரல் இறங்கிவிடும். "விளம்பரத்துல அன்னம் போட்டாங்க, வந்து சேந்தது வாத்து. நல்லா நீந்தும், அதுல குறை சொல்ல முடியாது."

ஆறு வருடத்துக்கு முன், ஒரு பெருமழையில், பட்டப்பகலில் ஏரி முதல் வரிசைக்குள் நுழைந்தது. படுத்த படுக்கையாக இருந்த ஓர் அம்மாளைச் சாவியம்மாவும் தோட்டக்காரரும் ஒரு கதவைக் கழற்றி அதன்மேல் கிடத்தி, மிதக்கவிட்டே வெளியே கொண்டுவந்தார்கள். கிளப் ஹவுஸ் வாசல் தூணில் தண்ணீர் நின்ற கறை அப்படியே இருந்தது. எல்லாம் காட்டி முடித்ததும் சாவியம்மா அந்தக் கறைமேல் உள்ளங்கையை வைப்பார். "என் கழுத்து மட்டத்துக்கு நின்னுச்சு. கீழ் வீடு வாங்கறதா இருந்தா இதையும் பாத்துட்டு வாங்குங்க." நான் மாடி வீடு வாங்கியது அந்தக் கையைப் பார்த்துத்தான்.

முதல் வரிசையில் ஆறு வீடுகள் விற்காமலே நின்றன. போன மாதம் மேனேஜர் தூணுக்கு வெள்ளையடித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. "இனிமே தண்ணியப் பத்தி வாயத் தொறந்தீங்கன்னா, சாவிய வெச்சிட்டுக் கெளம்பிடலாம்" என்றும் சொல்லிவிட்டார்.

"இந்த வயசுல என்னை யாருங்க வேலைக்குக் கூப்பிடுவா?" என்று என்னிடம் கேட்டார் சாவியம்மா. அன்றிலிருந்து தூணைத் தாண்டும்போது வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் மேனேஜரிடம் போய்க் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மாடியில் இருக்கிறவனுக்கு என்ன வந்தது!

நேற்றுக் காலை ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கணவனின் அப்பா சக்கர நாற்காலியில். "மாமாவுக்காகத்தான் கீழ் வீடு பாக்கறோம்" என்றாள் மருமகள். கூடவே மேனேஜரும் வந்தார். சாவியம்மா சாவியைக் குலுக்க மறந்து கதவைத் திறந்தார். வாத்துகளைக் காட்டும்போது அன்னத்தின் பேச்சே வரவில்லை. கடைசியில் தூணருகே நாற்காலியை நிறுத்தினார்கள்.

பெரியவர் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது எப்பவாவது உள்ள வந்திருக்கா?"

"சேச்சே! அதெல்லாம் இல்லீங்கய்யா" என்றார் மேனேஜர்.

சாவியம்மா சாவிக்கொத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். வலது உள்ளங்கையை வெள்ளைத் தூணில், தன் கழுத்து மட்டத்தில் அழுத்தி வைத்தார். பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். கை, அவர் தலைக்கு ஒரு சாண் மேலே இருந்தது.