கை முந்துகிறதாம்

உதயகுமாருக்குப் பக்கவாதம் வந்தபோது வலது கை விழுந்தது, வாய் விழவில்லை. அந்த வாயைத் தாங்க முடியாமல் எனக்கு முன்னால் வந்த பணிப்பெண்கள் ஒருவர் பின் ஒருவராக நின்றுவிட்டார்கள். நான் நிற்கவில்லை. திட்டுகிற நோயாளி எழுந்துவிடுவான். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்பவனைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை.

கட்டட வேலைக்காகத் தர்மபுரியிலிருந்து மைசூருக்கு வந்தவரின் மகன் அவர். மாணிக்கவாசகம் நடத்தும் ஆர்க்கெஸ்ட்ராவில் கிட்டார் வாசித்தவர். கொள்ளேகால், சாமராஜநகர், குண்டலுபேட்டை என்று அவர் வாசிக்காத கல்யாண மண்டபம் இல்லை. மாப்பிள்ளை வீட்டாருக்குத் தமிழ்ப் பாட்டு, பெண் வீட்டாருக்குக் கன்னடப் பாட்டு, சாப்பாட்டுப் பந்திக்கு எதுவானாலும். மனைவி ஜீவிதா ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறாள். அவள் வேலைக்குப் போகும் நேரத்தில் அவரைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்தார்கள்.

அந்தக் கை திரும்ப ஒரு வருஷம் ஆயிற்று. முதலில் ராகி முத்தையை, அந்தக் களி உருண்டையை, கிள்ளினார். பிறகு சட்டைப் பொத்தான். கடைசியில், கிட்டார் தந்தியைத் தட்டும் சின்ன பிளாஸ்டிக் துண்டு. அது விரல் நடுவிலிருந்து நழுவி விழும்போதெல்லாம் மூன்று மொழிகளில் திட்டினார். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. குனிந்து எடுப்பதும் பயிற்சிதான்.

நன்றாக வாசிக்க வந்ததும் மாணிக்கவாசகத்துக்குப் போன் செய்து தன் இடத்தைக் கேட்டார்.

“மேடையில நீ தடுமாறினா எனக்குத்தானேப்பா கெட்ட பேரு?” என்றார் அவர். “தாளம் மட்டும் அனுப்பறேன். அதுக்கு வீட்லயே வாசிச்சு ரெக்கார்டு பண்ணி அனுப்பு. கேட்டுட்டு முடிவு பண்றேன்.”

அத்தனை வருஷம் பக்கத்தில் நின்று வாசித்தவனுக்குப் பரீட்சை. உதயகுமார் பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றார்.

கிட்டாரைக் கம்ப்யூட்டரில் சேர்க்க ஒரு சின்னப் பெட்டி வேண்டுமாம், ஆடியோ இன்டர்ஃபேஸ். பழையதாக ஒன்று வாங்கினார்கள். லேப்டாப்பும் பழசு, மூச்சு வாங்கியது. அதனால் ஜீவிதா அதில் விண்டோஸை எடுத்துவிட்டு, பழைய மெஷினுக்கும் பாரமில்லாத லினக்ஸ் போட்டாள். முதல் நாள் லேப்டாப்புக்குப் பெட்டி இருப்பதே தெரியவில்லை. மறுநாள் தெரிந்தது. ஆனால் தந்தியைத் தொட்டால் எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் ஒரே பொரிச்சல்.

“பஃபர் சின்னதா இருக்கு,” என்றாள் ஜீவிதா. “சத்தத்தைப் பிடிச்சு வெச்சு ஊத்தற பாத்திரம் மாதிரி அது. லேப்டாப்புக்கு ஓட்டம் பத்தல, சிந்துது. பெரிய பாத்திரமா வெச்சிடறேன்.”

வைத்தாள். பொரிச்சல் நின்றது. உதயகுமார் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரே மூச்சில் வாசித்தார். முகம் வேர்த்திருந்தது, சிரித்தார். ஜீவிதா உடனே அனுப்பிவிட்டாள். வாசித்ததைத் திரும்பப் போட்டு இரண்டு பேருமே கேட்கவில்லை. அவள் பொரிச்சல் இல்லை என்று மட்டும் பார்த்தாள். அவரோ மேடைக்காரர், வாசித்தால் வாசித்ததுதான். கல்யாண வீட்டில் யார் திரும்பப் போட்டுக் கேட்பார்கள்?

மாணிக்கவாசகம் சாயங்காலமே கூப்பிட்டார். உதயகுமாரிடம் பேசவில்லை, ஜீவிதாவிடம் பேசினார். “கை முந்துதும்மா. தாளத்துல நிக்கவே இல்ல. அந்த நோய் வந்தா அப்படித்தான். அவன்கிட்டப் பக்குவமா சொல்லு.”

போன் ஸ்பீக்கரில் இருந்தது. பக்குவம் எல்லாம் அவர் காதிலேயே விழுந்தது.

உதயகுமார் அப்போதுதான் ரெக்கார்டைப் போட்டுக் கேட்டார். நானும் கேட்டேன். மேளம் விழுவதற்கு முன்பே கிட்டார் விழுந்தது, பாட்டு முழுக்க. ஹெட்போனைக் கழற்றிச் சுவரில் அடித்தார். அன்று அவர் யாரையும் திட்டவில்லை. மறுநாள் கைப் பயிற்சிக்குக் கூப்பிட்டபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வருஷமாக விரல் விரலாக நிமிர்த்திய கையை ஒருவன் ஒரே போனில் மடக்கிவிட்டான்.

“எழுந்திருங்க. பாட்டு எப்படியோ போகட்டும். விரல் மடங்கி நீளணும், எனக்கு அவ்வளவுதான்.”

“போங்க சிஸ்டர்.”

“உங்க வீட்டுக்காரி சம்பளம் கொடுக்கறா. நீங்க போகச் சொன்னா நான் போறதில்ல.”

எழுந்தார், என்னைத் திட்டுவதற்காகத்தான். கிட்டாரை மடியில் வைத்தேன். போனில் அதே தாளத்தைப் போட்டேன். பெட்டியும் இல்லை, ஹெட்போனும் இல்லை. வெறுப்போடு தட்டினார்.

சமையலறையிலிருந்து ஜீவிதா எட்டிப் பார்த்தாள். புருஷனைக் கூப்பிட அவளுக்குக் கன்னடம்தான் வரும். “ஏன்ரீ, சரியாத்தானே விழுது?”

அவர் நிறுத்தினார். மறுபடி தட்டினார். மேளமும் தந்தியும் ஒன்றாக விழுந்தன. பிறகு லேப்டாப்பைத் திறக்கச் சொல்லி, காது உடைந்த ஹெட்போனைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு தந்தியை ஒரே ஒரு தடவை தட்டினார். நான் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் தட்டி முடிந்தபிறகுதான் கண் சுருங்கியது.

“ஜீவி! இது மண்டபம்டி!”

“என்னது?”

“இந்தப் பொட்டிக்குள்ள கல்யாண மண்டபம் இருக்கு! நான் தட்டறது இப்போ, கேக்கறது அப்புறம்!”

பெரிய மண்டபங்களில் மேடைக்காரனுக்குத் தன் சத்தம் எதிர்ச் சுவரில் மோதித்தான் திரும்பி வருமாம். அதனால் ஒரு பொடி முன்னாலேயே தட்டப் பழகியிருந்தார். லேப்டாப்பிலும் சத்தம் தாமதமாக வந்ததும், யோசிக்காமல் கை தானாக முன்னால் போய்விட்டது. காதில் தாளத்தோடு சேர்ந்து கேட்டது. ரெக்கார்டில் முந்திப் பதிந்தது. முந்துவதற்கும் ஒரு நல்ல கை வேண்டும். விழுந்த கைக்கு அது வராது.

“லேட்டா வருதுன்னு அன்னிக்கே சொல்றதுக்கென்ன?” என்று ஜீவிதா கத்தினாள்.

“எப்பவும் அப்படித்தானே வரும்! யாருக்குத் தெரியும் வீட்ல அப்படி வரக்கூடாதுன்னு?”

“பாத்திரம் பெருசானா ரொம்பறதுக்கு நேரமாகும், எனக்காவது புத்தி வேணாமா!”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் கத்திக்கொண்டே வேலை செய்தார்கள். லினக்ஸில் சத்த வேலைக்கு முன்னுரிமை தர அவள் கணக்குக்கு அனுமதியே இல்லையாம். அதைக் கொடுத்துவிட்டு லேப்டாப்பை ஒரு தடவை அணைத்துத் திரும்பப் போட்டாள். இப்போது பஃபரைச் சின்னதாக்கியும் பொரியவில்லை. பெட்டியில் ஒரு திருகு இருந்தது. அதைத் திருப்பினால் கிட்டார் சத்தம் லேப்டாப்புக்குள் போய்ச் சுற்றாமல் நேராகக் காதுக்கு வரும். அதையும் திருப்பினாள். மறுபடி வாசித்தார். இந்தத் தடவை திரும்பப் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் அனுப்பினார்கள்.

மாணிக்கவாசகத்திடமிருந்து பதில் வந்தது. “நல்லா இருக்கு. யாரை வெச்சு வாசிச்சே?”

அன்று அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது. எல்லாமே நியாயமான வசவுகள் என்று மட்டும் சொல்வேன். “நேர்ல வாங்கண்ணே,” என்று போனில் முடித்தார். “வந்து கண்ணால பாருங்க.”

மாணிக்கவாசகம் ஆஸ்பத்திரிக்கு வருவதுபோல் பழப்பையோடு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்து, “மருந்தெல்லாம் ஒழுங்கா சாப்பிடறானா சிஸ்டர்?” என்றார்.

“எதிர்லதான் இருக்கார். காது கேக்கும். அவரையே கேளுங்க.”

உதயகுமார் கிட்டாரை எடுத்து வாசித்தார். நடுவில் ஒரு தரம் பிளாஸ்டிக் துண்டு விரலில் புரண்டது. நிறுத்தாமல் நகத்தாலேயே தட்டிக்கொண்டு போனார். மாணிக்கவாசகம் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரிப்பா. ஞாயித்துக்கிழமை கொள்ளேகால். வேன் வரும்.”

“இருங்கண்ணே. என் கை போச்சுன்னு யார் யார்கிட்ட சொன்னீங்க?”

“நம்ம பசங்ககிட்டதான்...”

“நம்ம பசங்க குரூப்ல பேசிப் போடுங்க. இப்பவே.”

மாணிக்கவாசகம் என்னைப் பார்த்தார். நான் உதவவில்லை. ஜீவிதா கையைக் கட்டிக்கொண்டு கதவில் சாய்ந்து நின்றாள். அவர் போனை வாயருகே வைத்து முணுமுணுத்தார்: “உதயன் கை நல்லா இருக்குப்பா. நான் தப்பா கேட்டுட்டேன்.”

“கேட்டது தப்பில்ல. அது அப்படித்தான் பதிஞ்சிருந்தது,” என்றார் உதயகுமார். “ஊரெல்லாம் சொன்னதுதான் தப்பு. அதைச் சொல்லுங்க. சத்தமா.”

மறுபடி பேசினார். சத்தமாகவே பேசினார்.

ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தது. படி உயரம். மாணிக்கவாசகம் உள்ளேயிருந்து கையை நீட்டினார். உதயகுமார் அந்தக் கையில் கிட்டாரைக் கொடுத்தார். பிறகு கதவுக் கம்பியைப் பிடித்துத் தானே ஏறினார். கொஞ்சம் நேரம் பிடித்தது. ஓட்டுநர் ஹாரன் அடித்தான். அதற்கும் ஒரு வசவு விழுந்தது.