இரண்டாவது பிடி

வெளியூர்ப் பிரசங்கியார் பந்தலில் நரகத்தைப் பற்றிப் பேசினார். அக்கினியின் நிறத்தையும் புழுவின் நீளத்தையும் நேரில் போய்ப் பார்த்தவர்போல் சொன்னார். போனவர் எவரும் திரும்ப முடியாத இடம் என்றும் அவரே சொன்னார். பிறகு இவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்குச் சந்தேகம்.

சந்தேகம் வந்ததே தவிர பயம் போகவில்லை. எங்கள் சபையில் பெண்கள் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை ஜெபித்து, வீட்டில் சபைக்கென்று வைத்த கலயத்தில் போடுவார்கள். ரேஷன் அரிசிக் காலம் அது. பாதி நாள் சோற்றுக்குப் பதில் மரச்சீனிக் கிழங்குதான். இருந்தும் மறுநாள் ஊரெல்லாம் கலயம் நிறைந்தது. நானும் இரண்டு பிடி போட்டேன்.

என் அண்ணன் மனைவி, மைனி, வழக்கம்போல ஒரு பிடிதான் போட்டாள். கல்யாணத்துக்கு முன்புதான் ஞானஸ்நானம் எடுத்தவள். இவள் விசுவாசம் ஆட்டம் கண்டுவிட்டதோ என்று அவள் கையையே கவனித்தேன். கடைசியில் கேட்டுவிட்டேன்.

"மைனிக்கு நரகத்துக்குப் பயமில்லியா?"

"எங்க வீட்டுல மாடனுக்குப் பயந்து கோழி அறுத்தோம். இங்க நரகத்துக்குப் பயந்து அரிசி போடணும்னா, நான் எதுக்கு மக்கா ஞானஸ்நானம் எடுத்தேன்? பயப்படாதேன்னு சொன்னவரை நம்பித்தானே வந்தேன்."

சொல்லிக்கொண்டே என் இரண்டாவது பிடியைக் கலயத்திலிருந்து அள்ளி உலையில் போட்டாள்.

அன்று மத்தியானம் பிரசங்கியாருக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு. இன்னும் கொஞ்சம் சோறு வேண்டுமென்றார். மைனி என்னைப் பார்க்காமலே பரிமாறினாள்.