மோட்டார்க்காரனின் வருஷாந்திரம்

1. ஒரே ஒரு தடவை

"வருஷாந்திரம்னா வருஷத்துக்கு ஒரு தடவை. ஒரே ஒரு தடவை. அதுக்கு மேல கம்பெனி ஸ்பேனரைத் தொட்டுப்போட்டு எங்கிட்ட வந்து நிக்காதீங்க தம்பி."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்பு செட் கம்பெனியில் நான் சர்வீஸ் மெக்கானிக்காகச் சேர்ந்த அன்று எங்கள் சர்வீஸ் மானேஜர் சொன்னது இது. கோபத்திலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். எங்கள் கம்பெனியில் மோட்டார் வாங்கிய தோட்டத்துக்கெல்லாம் தை மாதம் ஒரு முறை போவோம். பேரிங்குக்கு கிரீஸ், கிளாண்டுக்குப் புது பேக்கிங், ஸ்டார்ட்டரில் கான்டாக்ட் சுத்தம், ஃபுட் வால்வு பரிசோதனை. அதன் பெயர் வருஷாந்திர சர்வீஸ். இடையில் மோட்டார் படுத்துக்கொண்டால் கம்பெனியில் கம்ப்ளெயின்ட் கொடுத்துவிட்டு வரிசையில் காத்திருக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் எதற்கெடுத்தாலும் இந்தச் சொல்தான். சம்பள உயர்வு, ஸ்டாக் எடுப்பது, கட்டடத்துக்கு வெள்ளையடிப்பது எல்லாமே வருஷாந்திரம். வெளியே வந்தால் மாரியம்மன் நோம்பியும் அந்தியூர்ச் சந்தையும் வருஷாந்திரம். இப்போது 'ஆண்டு' என்று எழுதுகிறார்கள். நல்ல தமிழ், எனக்கும் சம்மதம்தான். ஆனால் பழைய சொல்லுக்குள் ஒரு சங்கதி இருக்கிறது. வடமொழியில் வருஷம் என்றால் முதலில் மழை. அந்தரம் என்றால் இடைவெளி. ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவே உள்ளது வருஷாந்திரம். இதைப் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் ரங்கம்மாள் தோட்டத்தில் அதற்கு முன்பே அது எனக்குப் புரிந்துவிட்டது.

2. வரிசையில் நின்றது

துடியலூருக்கு மேற்கே ரங்கம்மாளின் தோட்டம். கணவர் இல்லை. ஒரே மகள். கிணறு, நாலு ஏக்கர் பூமி, எங்கள் கம்பெனி மோட்டார். பண்ணையம் முழுவதையும் அந்த அம்மாளே பார்த்துக்கொண்டார். கூப்பிட்டால் குரல் கிணற்றின் அடிவரை கேட்கும்.

ஒரு தை மாதம் சர்வீஸ் முடித்துவிட்டு சைக்கிளை எடுத்தேன். களத்தில் சோளம் அடித்துக் குவித்திருந்தார்கள். தச்சர் ஆறுமுக ஆசாரி, கொல்லர், நாவிதர், வண்ணார் வரிசையாக நின்றார்கள். வருஷம் பூராவும் அந்தத் தோட்டத்துக்கு உழைத்தவர்கள். ஆளுக்கு இத்தனை வள்ளம் என்று ரங்கம்மாள் அந்த அளவுப் பாத்திரத்தால் அளந்து போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங் தம்பி, எங்கீங்க கிளம்பீட்டீங்க? ஆசாரிக்குப் பக்கத்துல நில்லுங்க."

எனக்குச் சுருக்கென்றது. காக்கிச் சட்டை போட்ட கம்பெனி ஆள், களத்து வரிசையில் துண்டை விரித்துக்கொண்டு நிற்பதா?

"வேண்டாமுங்க. எனக்குக் கம்பெனி சம்பளம் குடுக்குதுங்க."

"அது மாசச் சம்பளமுங்க. இது வருசாந்திரம். தண்ணியெடுத்துக் குடுத்த கைக்கு ஒரு வள்ளம் போடாம நான் மட்டும் தின்னா செமிக்குமுங்களா?"

வாங்கிக்கொண்டேன். ஆசாரி என் காதோரம் சிரித்தார்.

"வாங்கிப்போட்டீங்கல்லோ? இனி அந்தம்மா கூப்புட்டா நட்ட நடுச் சோத்துலயும் எந்திரிச்சு வரோணுமுங்க. எங்களையாட்டம் ஆயிட்டீங்க."

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். வீட்டில் அம்மா அந்தச் சோளத்தில் களி கிண்டினாள். நானும் நன்றாகச் சாப்பிட்டேன்.

3. வாழை தார் தள்ளிய நேரம்

அடுத்த வருஷம் மழை பொய்த்தது. சித்திரையில் கிணறுகளெல்லாம் வற்றிப்போய் ஊரெங்கும் மோட்டார்கள் காற்றைக் குடித்தன. கம்ப்ளெயின்ட் வரிசை நீண்டுகொண்டே போனது. அப்போதுதான் நாவிதர் கம்பெனி வாசலுக்கு என்னைத் தேடி வந்தார்.

"அம்மா வரச் சொன்னாங்க. மோட்டார் ஓடுது, தண்ணி ஏற மாட்டேங்குதுங்க. வாழை தார் தள்ளி நிக்குது. ஆவணியில புள்ளைக்குக் கல்யாணமுங்க."

அந்த வாழையை நம்பித்தான் கல்யாணம் பேசியிருந்தார்கள். மானேஜரிடம் போனேன்.

"அவிய வருஷாந்திரம் தையிலயே முடிஞ்சுதுங்க. வரிசையில வரட்டும்."

"வரிசை வர்றதுக்குள்ள வாழை சாஞ்சுபோயிருமுங்க."

"ஊர்ல எல்லாருத்துக்கும் வாழை இருக்குதுங்க தம்பி. தனியாப் போயி செஞ்சீங்கன்னா வேலை இருக்காது."

அவர் சொன்னதும் நியாயம்தான். அதை இன்றைக்கும் மறுக்க மாட்டேன். ஆனால் அந்தக் களத்துச் சோளத்தை நான் வாங்கித் தின்றிருந்தேன். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, கம்பெனி ஸ்பேனரை வைத்துவிட்டு, தெரிந்தவர் பட்டறையில் இரவல் வாங்கிக்கொண்டு போனேன்.

தண்ணீர் பம்புக்கு எட்டாத ஆழத்துக்குப் போயிருந்தது. பம்பையும் மோட்டாரையும் கிணற்றுக்குள்ளேயே இன்னும் கீழே இறக்க வேண்டும். ஒற்றை ஆளாக நான் என்ன செய்வேன் என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தால் ஆசாரி பலகையோடு வருகிறார். கொல்லர் கிளாம்போடு வருகிறார். வண்ணார் தோளில் வடக்கயிறு. யாரும் யாரையும் கேட்கவில்லை. ஆசாரி பாறை இடுக்கில் மேடை கட்டினார். நாங்கள் கயிற்றைப் பிடித்து மோட்டாரை அங்குலம் அங்குலமாக இறக்கினோம். பொழுது சாய்கிற நேரத்தில் ஸ்டார்ட்டரை அழுத்தினேன். குழாய் இருமிற்று, துப்பிற்று, பிறகு தண்ணீர் வந்தது. ரங்கம்மாள் வாய்க்காலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

செய்தி மானேஜருக்கு எட்டாமல் இருக்குமா? வேலையிலிருந்து தூக்கவில்லை. அந்த வருஷத்து இன்கிரிமென்ட்டை நிறுத்தினார்.

4. அரை வள்ளம்

ஆவணியில் கல்யாணம் நடந்தது. ஆனால் அந்த வருஷமும் மழை ஏமாற்றிவிட்டது. தையில் சர்வீஸுக்குப் போனபோது களத்தில் சோளக் குவியல் முழங்கால் உயரம்கூட இல்லை. ஆனாலும் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். ஆளுக்குப் பாதியாக அளந்துகொண்டிருந்தார் ரங்கம்மாள்.

அந்த ஏற்பாட்டை நான் தேனும் பாலுமாகச் சொல்ல விரும்பவில்லை. எனக்கு மாதம் பிறந்தால் சம்பளம். பக்கத்தில் நின்றவர்களுக்குக் களத்தில் கிடைக்கும் அந்தத் தானியம்தான் எல்லாம். மழை பொய்த்தால் அவர்கள் வீட்டு அடுப்பும் பாதிதான் எரியும். அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் துண்டை விரிக்க எனக்கு மனசு வரவில்லை.

"எனக்கு வேண்டாமுங்கம்மா. உங்களுக்கே பத்தாது. இதையும் அவியளுக்கே போட்டுருங்க."

ரங்கம்மாளுக்கு முகம் கறுத்துவிட்டது. வள்ளத்தைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

"மழை பாதி, அதனால இதும் பாதி. நல்லாப் பேஞ்சா நெறைய அளப்பேன். நீங்க வேண்டாமுன்னுட்டா, அடுத்த தடவை கெணறு வத்துனா நான் எந்த மொகத்தை வெச்சுக்கிட்டு உங்களைக் கூப்புடறதுங்க?"

ஆசாரி என் தோளிலிருந்த துண்டை எடுத்து, அவரே என் முன்னால் விரித்தார்.